மனித வரலாற்றை உழைப்பவர் பக்கம் நின்று படமாக்குகிறோம், எங்கே தொடங்கலாம்?

பாலக்கோட்டுப் பெண்:
தோழர்களே, நண்பர்கள் சேர்ந்து ஓர் ஆவணப்படம் எடுக்கிறோம். ராஜாக்கள் பட்டியல் இல்லை. யார் விளைவித்தார்கள், யார் எடுத்துக்கொண்டார்கள், அதுதான் கதை. மார்க்ஸின் தோழர் ஏங்கெல்ஸ் 1884-இல் எழுதிய வரிசையில் போகிறோம்: பொதுவில் வாழ்ந்த குழு, பெருகிய கால்நடை, தனிச்சொத்து, அரசு. ஆனால் கையில் இருப்பதெல்லாம் எகிப்து, ரோம் படங்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வரும் எங்கள் சனங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கே தொடங்கலாம்?

தகடூரான்:
நடுகல்லில் தொடங்குங்கள். தருமபுரி அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த மாட்டு மந்தையை மீட்கப்போய் யார் செத்தான் என்று எழுதியிருக்கும். அன்றைக்கு மாடுதான் சொத்து. அதற்காகச் செத்தவனுக்குக் கல் உண்டு. மேய்த்தவனுக்கும் கறந்தவளுக்கும்? கேமராவை அந்த எழுத்தின் மேல் நிறுத்தி இதைக் கேளுங்கள்.

பர்கூர் குவாரிக்காரன்:
எங்கள் பக்கத்து மயிலாடும்பாறையை விட்டுவிடாதீர்கள். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். பெருமையோடு நிறுத்தக் கூடாது. மரம் வெட்டிக் கரி சுட்டவர், துருத்தி ஊதியவர் எல்லாம் படத்தில் வரணும். மல்லச்சந்திரம் கல்திட்டைகளையும், அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பழங்கால ஈமச்சின்னங்களையும், போய்ப் பாருங்கள். கிரேன் இல்லாமல் அந்த மூடுகல்லை ஏற்ற எத்தனை தோள் வேண்டும் என்று கல் வேலை செய்கிற எனக்குத் தெரியும். அவ்வளவு பேர் தூக்கியது எல்லோருக்குமா, சிலருக்கா? ஆதியில் எல்லாரும் சமம் என்று ஒரே வரியில் தாண்டிவிடாதீர்கள் தோழர்.

பாலக்கோட்டுப் பெண்:
அப்போ எகிப்தை எடுத்துவிடவா?

தகடூரான்:
வேண்டாம். பிரமிடை மட்டும் நீக்கினால் போதும். எகிப்து மன்னன் மூன்றாம் ராமேசஸ் காலத்தில், கி.மு. 1157 வாக்கில், அரச கல்லறை கட்டியவர்கள் தானியக் கூலி வரவில்லை என்று வேலையை நிறுத்திக் கோயில் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். பாப்பிரஸ் என்ற அந்தக் காலத்து நாணல் தாளில் பதிவு இருக்கிறது. கூலி பாக்கி என்றால் என்னவென்று நம் சனங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். அப்புறம் பாராமகாலுக்கு, அதாவது நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு, வாருங்கள். 1792-இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த மண் இது. கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவனிடமும் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கேதான் வளர்த்தார்கள்.

பாலக்கோட்டுப் பெண்:
சரி தோழர், நடுகல்தான் முதல் காட்சி. பின்னணிக் குரலுக்கு, சொசைட்டியில் பால் ஊற்றும் அக்காவைக் கேட்கப் போகிறேன்.