இரவு 1:30 தானியங்கிச் சோதனை: கையால் ஓட்டினால் தேறுகிறது, க்ரானில் விழுகிறது. உதவி தேவை

கொலுசுகணக்கு:
வணக்கம். சேலத்தில் சின்ன மென்பொருள் அலுவலகம் எங்களுடையது. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் உள்ள கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறோம். யாரிடம் எத்தனை கிராம் வெள்ளி போனது, கொலுசாக எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு, டச் (வெள்ளியின் தூய்மை) என்ன, இதெல்லாம் அதில் வரும்.

தினமும் இரவில் எல்லாச் சோதனைகளும் தானாக ஓடட்டும் என்று க்ரான்டேபில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரானின் அட்டவணை) 30 1 * * *, அதாவது தினமும் 1:30 என்று போட்டிருக்கிறோம். சோதனைகளை ஓட்டுவது பைடெஸ்ட், பிரௌசர் சோதனைகளுக்கு ப்ளேரைட். வாடகை சர்வர், உபுண்டு 22.04. ஓடி முடிய ஏறக்குறைய 50 நிமிடம் ஆகும்.

காலையில் வந்து பார்த்தால் நாலைந்து சோதனைகள் டைம்அவுட் ஆகி (கொடுத்த நேரத்துக்குள் முடியாமல்) விழுந்திருக்கும். ஒரு நாள் விழுந்தது மறுநாள் விழாது, வேறொன்று விழும். மதியம் கையால் ஓட்டினால் எல்லாம் பச்சை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுத்தமாக ஓடுகிறது. லாக்கில் நேரம் 01:30 என்றுதான் இருக்கிறது, அந்த நேரத்தில் சர்வரில் ஒரு ஈ காக்கை இருக்காது. விழுந்தால் மூன்று முறை மறுபடி ஓட்டச் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறோம்.

ராத்திரிஷிப்ட்:
வழக்கமான சந்தேகம்தான்: க்ரானுக்கு உங்கள் ஷெல்லில் இருக்கும் பாத் (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) தெரியாது. பைத்தானுக்கு முழுப் பாதையும் கொடுங்கள். கட்டளையில் சதவீதக் குறி இருந்தால் முன்னால் பின்சாய்வுக் கோடு போட வேண்டும், இல்லாவிட்டால் க்ரான் அந்த இடத்திலேயே வரியை முறித்துவிடும்.

கொலுசுகணக்கு:
முழுப் பாதைதான் கொடுத்திருக்கிறோம். பாத் பிரச்சினை என்றால் ஞாயிறும் விழ வேண்டுமே அண்ணா?

அஸ்தம்பட்டிக்காரன்:
மறுபடி ஓட்டும் வசதியைப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். பிரௌசர் சோதனை என்றாலே அப்படித்தான்.

மலைமேல்சர்வர்:
அதை மட்டும் செய்யாதீர்கள் தம்பி. மூன்று முறை ஓட்டி ஒரு முறை தேறினால் பச்சை என்று காட்டும், நிலைத்தன்மையைப் பார்க்கத்தானே இந்த ஓட்டமே! சோதனை சொல்ல வருவதை வாயைப் பொத்தி நிறுத்துவது போல ஆகிவிடும்.

எனக்கு அந்த ஞாயிறுதான் உறுத்துகிறது. சர்வரில் டைம்டேட்சிடிஎல் (நேர அமைப்பைக் காட்டும் கட்டளை) அடித்துப் பாருங்கள். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில்தான் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) வரும். அப்படி இருந்தால் உங்கள் 1:30 நம் ஊர்க் காலை 7:00. லாக்கும் அதே கடிகாரத்தைப் பார்த்துத்தான் 01:30 என்று எழுதும், அதனால் லாக்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. காலை 7 மணிக்குப் பட்டறைகளில் என்ன நடக்கும்?

கொலுசுகணக்கு:
யுடிசியேதான்! 7 மணிக்குத்தான் வெள்ளியை எடை போட்டு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள், எல்லாப் பட்டறையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். சோதனைக்குத் தரவுத்தளம் தனி, ஆனால் இயந்திரம் ஒன்றுதான். ஞாயிறு எங்கள் வாடிக்கையாளர்கள் யாரும் பட்டறை திறப்பதில்லை. சர்வர் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிவிடட்டுமா?

மலைமேல்சர்வர்:
ஓடுகிற சர்வரில் கடிகாரத்தைத் தொட்டால் எது எங்கே இடிக்கும் என்று தெரியாது. க்ரான் வரியை 0 20 * * *, அதாவது யுடிசி 20:00 என்று மாற்றினால் போதும். நம் நாட்டில் கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் கிடையாது, ஆண்டு முழுவதும் அது இரவு 1:30தான். கிழமை போடுவதானால் கவனம்: யுடிசியில் ஞாயிறு 20:00 என்பது நமக்குத் திங்கள் விடிகாலை.

கட்டளைக்கு முன்னால் எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளையைச் சேருங்கள். ஒரு ஓட்டம் தொங்கிப்போனால் அடுத்தது அதன் மேல் ஏறாது.

இங்கே ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் மழைக் கணக்கு மென்பொருளை அலுவலகத்துச் சின்னப் பெட்டியில் சோதிக்கிறேன். இடி மின்னல் என்றால் கரண்ட் போய்விடும். க்ரான் தவறவிட்ட ஓட்டத்தைத் திரும்ப எடுக்காது, அதனால் லினக்ஸில் க்ரானுக்கு மாற்றாக இருக்கும் சிஸ்டம்டி டைமருக்கு மாறினேன். பெர்சிஸ்டென்ட் என்பதை ட்ரூ என வைத்தால் கரண்ட் வந்து பெட்டி எழுந்ததும் விட்டுப்போனதை ஓட்டும். அதில் நேரத்தோடு ஏசியா/கொல்கத்தா என்று மண்டலத்தையும் எழுதலாம்.

கொலுசுகணக்கு:
20:00க்கு மாற்றிவிட்டோம். டைம்அவுட் ஒன்றுகூட இல்லை, நன்றி அண்ணா. ஆனால் இதுவரை விழாத இரண்டு சோதனைகள் இப்போது தினமும் விழுகின்றன. இரண்டும் 'இன்றைய தேதியில் ரசீது' பற்றியவை. இந்திய நேரப்படி தேதி எதிர்பார்க்கிறோம், முந்தைய நாள் தேதி வருகிறது.

ராத்திரிஷிப்ட்:
அட, அது சோதனையின் கோளாறு இல்லை. உங்கள் மென்பொருளிலேயே பிழை இருக்கிறது. நள்ளிரவு முதல் காலை 5:30 வரை யுடிசியில் நேற்றைய தேதிதான். மென்பொருள் சர்வர் தேதியை அப்படியே ரசீதில் போடுகிறது. தீபாவளி நெருக்கத்தில் யாராவது இரவு முழுக்கப் பட்டறை ஓட்டினால் அவருடைய ரசீது எல்லாம் முந்தைய நாளில் போய் உட்காரும். ஏப்ரல் 1 விடிகாலையில் போட்டால் பழைய நிதியாண்டில் விழும், ஆடிட்டர் பிடித்துக்கொள்வார்.

கொலுசுகணக்கு:
போன மார்ச் முடிவில் ஒரு பட்டறையில் கணக்கு இடித்தது, காரணம் இன்னும் புரியாமல் இருந்தோம். இதுவாக இருக்கலாம், ரசீதுகளைத் தோண்டிப் பார்க்கிறோம். இன்னொன்று: காலை 7 மணி ஓட்டத்தை முழுதாக நிறுத்திவிடலாமா?

மலைமேல்சர்வர்:
வேண்டாம். நெரிசலில் மென்பொருள் திணறுகிறது என்பதை அந்த ஓட்டம்தானே காட்டியது. உள்ளே நுழைவது, இருப்புப் பார்ப்பது மாதிரி எதையும் எழுதாத நாலைந்தை மட்டும் 7 மணிக்கு வையுங்கள், தேறியதா என்பதோடு எத்தனை வினாடி எடுத்தது என்பதையும் குறித்து வையுங்கள். முழு ஓட்டம் இரவிலேயே இருக்கட்டும். அப்புறம், தேறினாலும் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றும் வராத காலையில் சோதனை ஓடவே இல்லை என்று தெரிந்துவிடும்.