எமர்ஜென்சி விளக்கில் லித்தியம் செல் போட உதவி தேவை

ரங்கூன் நண்பர்களுக்கு வணக்கம். கரண்ட் போனால் எங்கள் வீட்டுக்கு எமர்ஜென்சி விளக்குதான் துணை. அதன் 6 வோல்ட் ஈய அமில பேட்டரி செத்துவிட்டது. முழுக்க சார்ஜ் ஏற்றினாலும், விளக்கைப் போட்டதும் 4 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது.

பதிலுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல் இரண்டைத் தொடராக இணைக்க நினைக்கிறேன். ஒன்று 3.2 வோல்ட், சேர்ந்தால் 6.4. சாதாரண லித்தியம் அயான் செல் இரண்டு என்றால் 8.4 வரை ஏறும், அது வேண்டாம்.

சிக்கல் சார்ஜரில்தான். பேட்டரியைக் கழற்றி அளந்தால் பழைய போர்டு 9 வோல்ட் காட்டுகிறது. இந்த இரண்டு செல்லுக்கும் சேர்த்து 7.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் சின்ன சர்க்யூட்) மட்டும் போதுமா? அது கடைசிக் காவல்தானே, தினமும் அதையே நம்பக் கூடாது என்று எனக்குப் படுகிறது. வோல்ட்டைக் குறைத்து, மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தும் பக் மாட்யூலை நடுவில் வைத்துப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். அப்புறம், நல்ல செல் இங்கே எந்தப் பக்கம் கிடைக்கும்?