டெல்டா என்ற எழுத்தின் பொருளும் பிறப்பும்

கேள்வி:
நான் திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தவன். எங்கள் பகுதியைக் காவிரி டெல்டா என்று சொல்லக் கேட்டே வளர்ந்தேன். இருபடிச் சமன்பாட்டின் தன்மைக்காட்டியைக் குறிக்கும் முக்கோணத்துக்கும் அதே பெயர்தானா என்று பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கேட்டபோது, அது கிரேக்க எழுத்து என்பதற்கு மேல் என்னால் விளக்க முடியவில்லை. அப்பெயருக்குப் பொருள் உண்டா? அது ஆற்றுக்கு எப்படி வந்தது?

மறுமொழி 1:
கிரேக்கத்தில் அது எழுத்தின் பெயர் மட்டுமே. பொருள் இருப்பது அதைக் கொடுத்த மொழியில். கிரேக்கர்கள், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் வாழ்ந்த பினீசியர்களிடமிருந்து எழுத்துகளைப் பெற்றபோது, கதவு என்று பொருள்படும் ‘தாலெத்’ என்ற பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். பினீசியத்துக்கு உறவுமொழியான எபிரேயத்தில் இன்றும் கதவுக்குப் பெயர் ‘தெலெத்’. இதே வகையில் ஆல்ஃபா காளையையும் பீட்டா வீட்டையும் குறித்த சொற்களிலிருந்து வந்தவை. எனக்கு மிகவும் பிடித்த செய்தி ‘டெல்டா’வின் இறுதியில் வரும் ‘ஆ’ ஒலி: வல்லின மெய்யில் சொல்லை முடிக்காத நாம் உகரம் சேர்ப்பதைப் போல, அவ்வாறே முடிக்காத கிரேக்கரும் தம் நாவுக்கு ஏற்ற உயிரெழுத்தைச் சேர்த்துக்கொண்டனர்.

மறுமொழி 2:
ஆற்றுக்குப் பெயர் வந்தது எகிப்தில், ஐயா. கெய்ரோவுக்கு வடக்கே நைல் கிளைகளாகப் பிரிந்து, மத்தியதரைக் கடலை நோக்கி விரிந்து, நடுவில் வண்டல் படிந்த முக்கோண நிலத்தை உண்டாக்குகிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அந்நிலத்தை டெல்டா என்றே எழுதியிருக்கிறார். வடக்கை மேலே வைத்து வரையும் இன்றைய வரைபடத்தில் அது தலைகீழாகத் தெரியும். கடலிலிருந்து தெற்கு நோக்கினால் எழுத்தின் வடிவம் அப்படியே அமையும். பிற்காலத்தில் எல்லா ஆறுகளின் வண்டல் முகத்துக்கும் அப்பெயர் பொதுவாயிற்று. தோளை மூடிய முக்கோணத் தசையை மருத்துவர்கள் டெல்டாய்டு என்பதும் இவ்வடிவத்தால்தான்.

மறுமொழி 3:
கணக்கில் மாற்றத்தைக் குறிக்கவும் இதே முக்கோணம் பயன்படுகிறது. வேறுபாட்டைச் சுட்டும் ‘தியஃபோரா’ என்ற கிரேக்கச் சொல் இவ்வெழுத்தில் தொடங்குவதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். வரிசையில் நான்காவதான இவ்வெழுத்தின் எண்மதிப்பும் கிரேக்கர்களிடம் 4. ரோமன் எழுத்து வரிசையின் நான்காம் எழுத்தும் இதன் வழிவந்ததே.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகள் தமிழக வரைபடத்தைத் திருப்பி, மேற்கை மேலே வைத்துப் பார்த்தாள். முக்கொம்பில் கொள்ளிடமும் கல்லணையில் வெண்ணாறும் பிரியும் இடங்கள் உச்சியிலும், வங்கக் கடற்கரை அடியிலும் வந்து நின்றன.