62 பேர், 45 நிமிஷம்: நெரிசலான வகுப்பில் நீங்கள் பட்டது என்ன?

கணக்கு டீச்சர்:
ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஐந்து செக்‌ஷன். எதிலும் அறுபதுக்குக் குறையாது. சி செக்‌ஷனில் 62. பீரியட் 45 நிமிஷம். அட்டெண்டன்ஸ், போர்டு அழிக்கிறது, "டீச்சர், இவன் இடிக்கிறான்" எல்லாம் போக 38 நிமிஷம் மிஞ்சும். தலைக்கு 37 விநாடிகூட வராது. அதிலேயேதான் பாடமும் நடத்தணும்.

நோட்டு திருத்துறது இன்னும் மோசம். ஒன்றுக்கு 2 நிமிஷம்னாலும் 300 நோட்டுக்கு 10 மணி நேரம். அதனால விடையை மட்டும் பார்த்து டிக் போட்டுட்டே போவேன். ஒரு பையன் சமன்பாட்டில் எண்ணை மறுபக்கம் கொண்டுபோகும்போது குறியை மாத்தவே மாட்டான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்து, கடைசி வரியை மட்டும் சரிபண்ணிடுவான். ஒரு பருவம் முழுக்க அவன் நோட்டில் என் டிக்தான். பரீட்சைப் பேப்பர் கைக்கு வந்தப்போதான் விஷயமே தெரிஞ்சது. திட்ட வாய் வரலை.

பதிவேட்டில் எங்க பள்ளி 35 பேருக்கு ஒரு ஆசிரியர். பொய் இல்லை. பி.டி. சார், மேல்வகுப்பில் 18 பேருக்குப் பாடம் எடுப்பவர், எல்லாரையும் சேர்த்து வகுத்தா அப்படித்தான் வரும். அந்த 35 எந்த அறையிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கின ஸ்டார் ஆய்வை எல்லாரும் சொல்வாங்க. 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புகள், 22 முதல் 25 பேர் இருந்ததைவிட நல்லா படிச்சதாம். அதுவும் மூன்றாம் வகுப்பு வரைக்கும் உள்ள குழந்தைகள். அவங்க பெரிய வகுப்புன்னு சொன்னதே எனக்குப் பாதிகூட இல்லை!

முன்னாள் மாணவன்:
டீச்சர், நான் இடதுகைக்காரன். மூணு பேர் பெஞ்சில் நாலு பேர். நடுவில் உட்கார்ந்தா என் முழங்கையும் பக்கத்தில் இருக்கிறவன் முழங்கையும் மோதும். அவன் எழுதும்போது நான் நிறுத்தணும், நான் எழுதும்போது அவன். கடைசியில் இடது ஓரம் கிடைச்சது. ஒரு தொடை பெஞ்சில், ஒரு தொடை அந்தரத்தில். நடைவழி முழுக்கப் பைகள், அதனால எந்த சாரும் எங்க வரிசைக்கு வந்ததில்லை.

லேபில் எட்டுப் பேருக்கு ஒரு பியூரெட் (திரவத்தை அளந்து சொட்டுச் சொட்டா விடுற, அடியில் திருகுகுழாய் உள்ள கண்ணாடிக் குழல்). முதலில் போய் நிற்கிறவன் குழாயைத் திருப்புவான். நான் ரெண்டு வருஷமும் ரீடிங் எழுதினேன். கல்லூரியில் முதல்முறை திருப்பினப்போ மொத்தமும் குடுவையில் கொட்டிடுச்சு.

கணக்கு டீச்சர்:
தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு இன்னிக்கு சி செக்‌ஷனில் இடதுகைக்காரங்களை எண்ணினேன். ஐந்து பேர். இத்தனை மாசம் எனக்குத் தெரியாது. ஒருத்தி நடுவில் மாட்டிக்கிட்டு இருந்தா, ஓரத்துக்கு மாத்தினேன். ஓரத்தில் இருந்தவ இப்போ என்னோட பேசுறதில்லை.