சொந்தக் கதையை வாசிக்கும் முன் பிறர் கதையைப் படித்திருக்க வேண்டுமா?

காலாங்கரை எழுதியது:

எங்கள் இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டத்தில் சென்ற முறை ஏழு பேர் கதை வாசித்தார்கள். ஏழாமவர் எழுந்தபோது, முன்வரிசையிலிருந்த நால்வர் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். நால்வருமே தங்கள் கதைகளை வாசித்து முடித்தவர்கள். தன் குரலைக் கேட்கச் செய்வதற்கு மட்டுமே வருபவர்களைக் கொண்டு ஓர் இலக்கியச் சூழல் உருவாகாது என்பதால் ஒரு விதியை முன்வைக்கிறேன்: சொந்தப் படைப்பை வாசிக்க விரும்புபவர், அந்த மாதம் தாம் படித்த சிங்கப்பூர்க் கதை ஒன்றைப் பற்றி முதலில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். நூல் கிடைக்கவில்லை என்று இனி எவரும் சொல்ல இயலாது. நாடு சுதந்திரமடைந்த 50 ஆண்டுகளில் இங்கு வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களில் ஏறக்குறைய 350 நூல்கள் 2015இல் தமிழ் மின்மரபுத் திட்டத்தின்வழி மின்வடிவம் பெற்றன.

துவாஸ் வாசகன் எழுதியது:

உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஐயா. ஆனால் இந்த விதி அன்று இருந்திருந்தால் நான் கூட்ட அறையின் கதவைத் தாண்டியிருக்க மாட்டேன். ஓய்வு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கைத்தொலைபேசியில் எழுதிவைத்திருந்த கவிதையோடு வந்தேன். திரை அணைந்து அணைந்து போக, கை நடுங்க வாசித்தேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்த ஓர் அம்மா, "நீங்கள் சொல்லும் சாரம், கட்டடத்துக்குக் கட்டும் சாரமா, வாழ்க்கையின் சாரமா?" என்று கேட்டார். நான் கம்பியும் பலகையும் கொண்டு கட்டும் சாரத்தை மட்டுமே நினைத்து எழுதியிருந்தேன். இரண்டாம் பொருளும் அந்த வரியில் இருக்கிறது என்பதை அவர் கேட்ட பிறகுதான் கண்டேன். அன்றிரவு தங்கும் விடுதியில் முழுக் கவிதையையும் திருத்தி எழுதினேன். அந்த அம்மா எந்தப் புத்தகத்தைப் பற்றியும் பேசவில்லை. ஆனால் அந்த அறையில் நடந்ததை வாசிப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஈசூன் ஆசிரியை எழுதியது:

தம்பி சொல்வது என் மனத்தைத் தொட்டது. எனினும் நான் காலாங்கரையின் பக்கமே நிற்கிறேன். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேற்பட்ட வயதும் உடைய சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடாக இருந்தனர், 2020இல் 2.5 விழுக்காடு. இவ்வளவு சிறிய சமூகத்தில் எழுதுபவர்களே படிக்கவில்லையென்றால் வேறு யார் படிப்பார்கள்? நூல் வெளியீட்டு விழாக்களில் அன்பளிப்பு உறையைக் கொடுத்து நூலை வாங்கிக்கொள்கிறோம். என் வீட்டு அலமாரியில் அப்படி வாங்கிய நூல்களில் பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை பதினொன்று இருந்தன. போன வாரம் வெட்கத்தோடு எண்ணிப் பார்த்தேன். 1950களில் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றப் பக்கம் இளையரை எழுத வைத்தது என்று பெருமையோடு சொல்கிறோம். அவர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதற்கும் அந்தப் பக்கமே இடமாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாராட்டு மட்டும் கேட்கும் கூட்டங்களுக்கு நாம் பழகிவிட்டோம். நாளைக்கு அதே மனிதரைத் தேக்கா சந்தையில் பார்க்க வேண்டியிருக்குமே என்ற தயக்கம் நம் வாயைக் கட்டிவிடுகிறது.

காலாங்கரை எழுதியது:

தம்பிக்கு நேர்ந்ததை மறுக்க மாட்டேன். முதன்முறை வருபவர்களுக்கு விதியிலிருந்து விலக்கு அளிக்கலாம். ஆனால் மூன்று தொகுப்புகள் வெளியிட்டவருக்கு என்ன விலக்கு வேண்டியிருக்கிறது? அவர்கள்தாம் முதலில் எழுந்து போனவர்கள். நூலகத்தில் ஒரு நூலை 21 நாளுக்கு இரவல் பெறலாம். ஒரு சிறுகதையைப் படிக்க அது போதாதா?

துவாஸ் வாசகன் எழுதியது:

போதும், ஐயா. நேரம் இல்லாததால் அவர்கள் படிக்காமல் இருக்கவில்லை. ஆகவே விதியால் அவர்களைப் படிக்கவைக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்னுரையைப் புரட்டிவிட்டு வந்து பேசிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, வாசிக்கவிருக்கும் கதைகளை ஒரு வாரம் முன்னதாக வாட்ஸ்அப் குழுவில் அனுப்பி வையுங்கள். கூட்டத்தில் மூன்று கதைகளுக்கு மேல் வேண்டாம். கதையாசிரியர் வாசித்து முடித்ததும், அந்த அம்மா என்னிடம் கேட்டதைப் போல, ஆளுக்கு ஒரு சொல்லைப் பற்றியோ ஒரு வரியைப் பற்றியோ கேட்போம். கேள்வி கேட்க வேண்டும் என்ற நினைப்போடு படிப்பவரின் கண் வேறாக இருக்கும்.

அடுத்த மாதம் நான் எதையும் வாசிக்கப் போவதில்லை. நம் வட்டத்தின் சென்ற ஆண்டுத் தொகுப்பிலுள்ள உங்கள் கதையை இரண்டு முறை படித்திருக்கிறேன். மின்தூக்கி வேலை செய்தும், அந்தத் தாய் ஒன்பது மாடியையும் படியேறியே கடக்கிறார். அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு ஏன் அப்படி ஏறினார் என்பதை உங்களிடம் கேட்கவே வருகிறேன்.