வேன் முன்பக்க லோயர் ஆர்ம் மாற்ற உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எங்கள் வேனில் முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) இரண்டிலும் புஷ் (அது சட்டத்தில் சேரும் இடத்து ரப்பர்) கிழிந்துவிட்டது. பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் டொக்கென்று சத்தம். பால் ஜாயிண்ட்டோடு (சக்கரப் பக்கம் இணைக்கும் உருண்டை மூட்டு) சேர்ந்த புது ஆர்ம்கள் வாங்கியாயிற்று, வீட்டிலேயே மாற்றுகிறேன்.

சிக்கல் நக்கிளில்தான், அதாவது சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பகுதியில். பால் ஜாயிண்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட் துருவேறி இறுகிக் கிடக்கிறது. துரு இளக்கும் ஆயில் ஊற்றி ஊறவிட்டும் அசையவில்லை. சூடு காட்டலாமா? பக்கத்திலேயே ஏபிஎஸ் சென்சார் வயரும் டிரைவ் ஷாஃப்ட்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) ரப்பர் உறையும் இருப்பதால் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை முறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. ஆனால் இறக்கிய பிறகு ரெஞ்ச் நுழைய இடமில்லை. ஸ்டாண்டில் நிறுத்தி, ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி தரையில் நிற்கும்போது ஆர்ம் இருக்கும் உயரத்துக்குத் தூக்கினால் போதுமா? குடும்பமே ஏறும் வண்டி, செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.