பாட்டி சொன்ன கவசம் தப்பா?

அம்மாபேட்டை வாசி:
எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் சஷ்டி ஆறு நாளும் மாலையில் கந்தசஷ்டி கவசம் சொல்வோம். இந்த ஆண்டு முதல் நாள் நான் எடுத்துக் கொடுத்தேன், என் பாட்டி சொல்லிக்கொடுத்த முறையில், ராகம் இல்லாமல். நான்கு வரி தாண்டவில்லை, கூட்டம் முழுவதும் சூலமங்கலம் சகோதரிகளின் மெட்டுக்குப் போய்விட்டது. ஒரு பெண்மணி, "தப்பாகச் சொல்கிறீர்கள்" என்றார். தேவராய சுவாமிகள் இசைத்தட்டுக்காகவா எழுதினார்? தொடக்கத்தில் வரும் காப்புச் செய்யுள் வெண்பா, நூல் ஆசிரியப்பா என்ற பாவகை. அதற்கென்று அகவல் என்ற தனி ஓசை உண்டு. இசைத்தட்டு வந்து பாராயணத்தைக் கொன்றுவிட்டது. மறுப்பவர்கள் வரலாம்.

ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை:
வந்துவிட்டேன். என் அம்மா தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரில் கேட்டுக் கேட்டே இருநூறு வரிக்கு மேல் மனப்பாடம் செய்தார். அந்த மெட்டில் வரும் ஆபேரி, கல்யாணி என்ற ராகப் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. "குரல் மாறுகிற இடம்" என்பார். அடுத்து எந்த வரி என்பதற்கு அதுதான் அவருக்கு அடையாளம். உங்களுக்குப் பாட்டி இருந்தார். அவருக்கு அந்த நாடாதான் பாட்டி.

குகைத் தறிக்காரன்:
இடையில் ஒரு சொல். வேதம் என்றால் உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று ஏற்ற இறக்கம் கட்டிவைத்தது. அதில் ராகம் போட்டால் பிழை. தோத்திரத்துக்கு அந்தக் கட்டு கிடையாது. தேவாரத்தையே பாருங்கள். 'தோடுடைய செவியன்' நட்டபாடைப் பண், இன்று கம்பீரநாட்டையில் பாடுகிறார்கள். யாரும் தப்பு என்பதில்லை.

அம்மாபேட்டை வாசி:
மெட்டுப் போட்டதை நான் குறை சொல்லவில்லை ஐயா. பத்து விதமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஊரை ஒரே விதமாகச் சொல்ல வைத்ததைத்தான் சொல்கிறேன். சுப்ரபாதமும் அப்படித்தான். எம்.எஸ். 1963இல் பாடிப் பதிவானது. இன்று அது வேறு மாதிரி ஒலித்தால் சுப்ரபாதமே இல்லை என்பார்கள். இன்னொன்று. திருமலையில் மார்கழி மாதம் சுப்ரபாதம் கிடையாது, திருப்பாவைதான். எங்கள் தெரு ஒலிபெருக்கியில் மார்கழியிலும் 'கௌசல்யா சுப்ரஜா'தான். பென்டிரைவுக்கு மாதம் தெரியுமா?

ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை:
அதைச் செருகியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்! திருப்பாவைக்கும் பதிவு இருக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்து, எம்.எல்.வசந்தகுமாரி பாடியது. போடாதது யார் குற்றம்?

குகைத் தறிக்காரன்:
போடுகிற நேரமும் குற்றம்தான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது. எங்கள் பக்கம் நாலரைக்கே பெருமாளோடு சேர்த்து எங்களையும் எழுப்பிவிடுகிறார்கள். சரி, அது வேறு வழக்கு.

ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை:
இந்த விவாதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: மெட்டு இல்லாமல் அத்தனை வரியும் சொன்னால், உங்கள் பாட்டி எங்கெங்கே மூச்சு வாங்குவார்?

அம்மாபேட்டை வாசி:
நேற்றிரவு உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். பாதி வரை பாட்டியின் குரல் வருகிறது. அதற்குப் பிறகு என்னையறியாமல் சூலமங்கலம் மெட்டு நுழைந்துவிடுகிறது. பாட்டி போய்ப் பல வருடமாகிறது. அவர் குரலை யாரும் பதிவு செய்யவில்லை.

ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை:
அந்தப் பாதியையாவது கைபேசியில் சொல்லி இங்கே போடுங்கள். அம்மா கேட்க வேண்டும் என்கிறார்.

அம்மாபேட்டை வாசி:
நாளைக் காலை போடுகிறேன். தெரு ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகு.